போத்தலை நிரப்ப முன்: சீனியும் பிரசரும் வண்டியும் சேர்ந்தவர்களுக்கு ஒரு தண்ணீர் வழிகாட்டி

வலிகாமத்தில் ஓர் அரச ஆஸ்பத்திரியின் நீரிழிவுக் கிளினிக்கில் பல வருடம் தாதியாக நின்றவள் நான். புதிதாகக் கொப்பி போட்டுக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான். "மிஸ், ஒரு நாளைக்கு எத்தினை லீற்றர் தண்ணி குடிக்க வேணும்?"

ஒரே கிழமையில் வந்த இரண்டு பேரால், இந்தக் கேள்விக்கு ஓர் இலக்கத்தைப் பதிலாகச் சொல்வதையே நான் விட்டேன். ஒருவர் அறுபது தாண்டிய ஐயா. நிறையத் தண்ணீர் குடித்தால் கிட்னி கழுவுப்படும் என்று யாரோ சொல்ல, நாளுக்கு ஐந்து லீற்றர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே இதயம் பலவீனம். கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, இரவிரவாகக் கதிரையில் இருந்துவிட்டு விடியக் கொண்டுவந்தார்கள். மற்றவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற அம்மா. சீனி கூடி இரவில் நாலைந்து தரம் சலம் போக எழும்ப வேண்டியிருந்ததால், மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீரையே நிறுத்திவிட்டார். வைகாசி வெயிலில் ஒரு நாள் வயிற்றோட்டமும் சேர்ந்துகொண்டது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேற்றினின் இரத்தத்தில் வழமையை விட இரட்டிப்பாகி இருந்தது.

இரண்டு பேரும் தங்கள் உடம்பில் அக்கறை உள்ளவர்கள். இரண்டு பேரும் தண்ணீரை மட்டும் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், எத்தனை லீற்றர் என்பது நாலாவது கேள்வி. அதற்கு முன் மூன்று கேள்விக்கு விடை வேண்டும்: உங்கள் சிறுநீரகம் இன்று எந்த நிலையில் இருக்கிறது? தண்ணீரைக் குறைக்க வேண்டிய வருத்தம் ஏதும் உங்களுக்கு உண்டா? தண்ணீரோடு கூடவே உள்ளே என்ன போகிறது? வருத்தத்தின் பெயரை முதலில் விளங்கிக்கொண்டு, அந்த ஒழுங்கிலேயே போவோம்.

முதலில் நூல்நாடாவை எடுங்கள்

சீனி, பிரசர், வண்டி என்கிற வயிற்றுப் பருமன் எல்லாம் சேர்ந்து வருவதை டொக்டர் வளர்சிதைமாற்றக் கோளாறு என்று கொப்பியில் எழுதியிருந்தால் அது தனி ஒரு வருத்தத்தின் பெயர் அல்ல. ஐந்து அளவுகளில் மூன்று எல்லை தாண்டினால் அந்தப் பெயர் வரும். 2009இல் சர்வதேச மருத்துவ அமைப்புகள் பல சேர்ந்து ஒத்துக்கொண்ட எல்லைகள் இவை. வயிற்றுச் சுற்றளவு, எங்களைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்ரிமீற்றர், பெண் என்றால் 80. இரத்த அழுத்தம் 130/85. வெறும் வயிற்றுச் சீனி டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராம். ட்ரைகிளிசரைட் என்கிற இரத்தக் கொழுப்பு 150. இவை நான்கும் அந்த அளவிலோ மேலோ இருந்தால் கணக்கு. ஐந்தாவது நல்ல கொலஸ்ரோல். அது ஆணுக்கு 40இற்கும் பெண்ணுக்கு 50இற்கும் கீழே போனால் கணக்கு. மருந்து எடுப்பதால் அளவு சரியாக நின்றாலும் அந்த ஒன்று சேர்த்தே எண்ணப்படும்.

தையல்காரரின் நூல்நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, துணிக்கு மேலால் இல்லாமல் தோலில் சுற்றி, மூச்சை வெளியே விட்டபின் அளவுங்கள். சாரம் கட்டுகிற இடத்தில் அளந்தால் வண்டி மேலே தப்பிவிடும். பலர் அங்கேதான் அளந்து நிம்மதி அடைகிறார்கள்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் பிறகு சொல்லப்போவது எல்லாம் தானாக விளங்கும். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. சலமாக வெளியே வருவது ஒன்றரை இரண்டு லீற்றர்தான். மிச்சம் முழுவதும் திரும்ப இரத்தத்துக்குப் போகிறது. நாளுக்கு 180 லீற்றர் ஓடுகிற இடத்தை நாங்கள் மேலதிகமாக மூன்று லீற்றர் ஊற்றிக் கழுவத் தேவையில்லை.

வண்டி வைத்து, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இன்சுலின் அளவு கூடி நிற்கும். கூடிய இன்சுலின் உப்பை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். உப்பு நின்றால் அதோடு தண்ணீரும் நிற்கும், பிரசர் ஏறும். சீனி கூடும்போது வடிகுழாயின் தொடக்கத்திலேயே சீனியும் சோடியமும் சேர்த்து உறிஞ்சப்படுவதால், அடுத்த பகுதியில் இருக்கிற காவல் கலங்களுக்குச் சோடியம் குறைவாக வந்து சேரும். இரத்தம் போதாமல் வருகிறதாக்கும் என்று அவை எண்ணி வடிகட்டியின் வாசலை அகலத் திறந்துவிடும். வடிகட்டிக்குள் அழுத்தம் கூடும். அப்படியே வருடக்கணக்காக நடந்தால் அல்புமின் என்கிற புரதம் சலத்தில் கசியத் தொடங்கும். வலி இல்லை. வீக்கம் இல்லை. சலத்தின் அளவும் குறையாது. கால் வீங்கினால் பார்ப்போம் என்று இருப்பவர்கள் கனகாலம் பிந்திவிடுகிறார்கள்.

இரத்தச் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுவதையும் திருப்பி எடுக்க முடியாது. சீனி சலத்தில் இறங்கும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு இறங்கும். எங்கள் பெரியவர்கள் இந்த வருத்தத்துக்குச் சலரோகம் என்று பெயர் வைத்தது இதைக் கண்ணால் கண்டுதான்.

இன்னொன்று. சிறுநீரக வருத்தம் என்றதும் அநுராதபுரம், பொலநறுவைப் பக்கத்து விவசாயிகளை நினைத்து, "அது அங்கத்தையத் தண்ணியால வாறது, எங்களுக்கு வராது" என்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே 1990களில் இருந்து கவனிக்கப்பட்டு வருவது சீனியோ பிரசரோ இல்லாதவர்களுக்கும் வருகிற, காரணம் முழுதாகத் தெளியாத வேறு வருத்தம். இங்கே நான் சொல்வது சீனியாலும் பிரசராலும் வருவது. அதற்குப் பிரதேசம் இல்லை.

இரண்டு சோதனை, ஒரு கொப்பி

ஒன்று இரத்தத்தில் கிரியேற்றினின். இரண்டாவது சலத்தில் அல்புமினுக்கும் கிரியேற்றினினுக்கும் உள்ள விகிதம், ஏ.சீ.ஆர் என்று கேட்டால் ஆய்வுகூடத்தில் விளங்கும். இரண்டும் வருடத்துக்கு ஒரு தரமாவது வேண்டும். ஒன்று செய்துவிட்டு மற்றதை விட்டால் பாதிப் படம்தான் கிடைக்கும், ஏனென்றால் கிரியேற்றினின் ஏறுவதற்கு வருடங்கள் முன்னரே அல்புமின் கசியலாம்.

கிரியேற்றினினைத் தனி இலக்கமாக வாசிக்காதீர்கள். 1.2 என்று வந்தால் "நோமல்தானே" என்று மடித்து வைப்பார்கள். முப்பது வயது ஆணுக்கு 1.2 என்றால் வடிகட்டும் வேகம் 83 அளவில் வரும். அதே 1.2 அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு வந்தால் 50 அளவுதான். அந்த வேகத்துக்கு ஈ.ஜி.எப்.ஆர் என்று பெயர். றிப்போட்டில் அது போடப்படாவிட்டால் டொக்டரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள். 60இற்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால், அல்லது ஏ.சீ.ஆர் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதமாக நின்றால், நாட்பட்ட சிறுநீரக நோய் என்று எடுக்கப்படும். ஒரு தரம் கூடி வந்ததற்காகப் பயந்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம். திரும்பச் செய்து பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

சலத்தைக் காலையில் எழும்பியதும் போகிற முதல் சலமாக எடுங்கள். காய்ச்சல், சலக்கடுப்பு, மாதவிடாய், முதல் நாள் கடும் உடல்வேலை இருந்தால் அளவு பொய்யாகக் கூடும்; ஒரு கிழமை தள்ளிச் செய்யுங்கள்.

எங்கே போவது? கிளினிக்கில் பதிந்தவர்கள் அங்கேயே கேட்கலாம். இன்னும் எதிலும் பதியாதவர்கள் பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு நிறை, சுற்றளவு, பிரசர், சீனி பார்க்கிற நிலையம் எந்த நாளில் நடக்கிறது என்று விசாரியுங்கள். காசில்லாமல் பார்ப்பார்கள்.

தண்ணீரைக் கூட்டக் கூடாதவர்கள்

இந்தப் பகுதியை வாசிக்காமல் அடுத்ததுக்குப் போக வேண்டாம். இதயம் பலவீனம் என்று சொல்லப்பட்டவர்கள், ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கட்டியவர்கள், ஈ.ஜி.எப்.ஆர் 30இற்குக் கீழே போய்ச் சலம் குறைந்தவர்கள், டயலிசிஸ் செய்பவர்கள், இரத்தத்தில் சோடியம் குறைவு என்று எப்போதாவது வார்ட்டில் நின்றவர்கள்: உங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை டொக்டர் மில்லிலீற்றரில் சொல்ல வேண்டும். கீழே நான் சொல்கிற அளவு உங்களுக்கு இல்லை.

ஐதரோகுளோரோதயசைட் போன்ற சலம் போகிற குளிசை எடுக்கும் வயதானவர்களும் கவனம். அவர்கள் வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் சோடியம் இறங்கித் தலைசுற்றும், ஆள் தடுமாறும், கதை பிசகும். வீட்டார் அதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள்.

இவர்கள் எல்லாருக்கும் நல்ல தோழன் நிறை பார்க்கும் தராசு. காலையில் சலம் போய்விட்டு, சாப்பிட முன், ஒரே மாதிரி உடுப்போடு ஏறி நின்று எழுதுங்கள். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ கூடினால் அது கொழுப்பு அல்ல, தண்ணீர். கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திராமல் போய்க் காட்டுங்கள்.

இப்போது, எத்தனை லீற்றர்?

மேலே சொன்ன கூட்டத்தில் இல்லாத, சிறுநீரகம் நன்றாக அல்லது ஓரளவுக்கு வேலை செய்கிறவர்களுக்கு, சாதாரண நாளில் மொத்த நீராகாரம் இரண்டு முதல் இரண்டரை லீற்றர் போதும். மொத்தம் என்றால் தேத்தண்ணி, சொதி, இரசம், கஞ்சி, கூழ் எல்லாம் சேர்த்து. 250 மில்லிலீற்றர் தம்ளரால் எட்டு முதல் பத்து. வெயிலில் தோட்டம் கொத்துகிறவர், கடலுக்குப் போகிறவர், கட்டட வேலை செய்பவர் வேர்வையில் இழப்பதை மேலதிகமாகக் குடிக்க வேண்டும். அது ஒரு லீற்றரோ அதற்கு மேலோ வரலாம். முன்பு சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இலக்கு வேறு. குடிக்கிறதை அல்ல, போகிற சலத்தை அளந்து நாளுக்கு இரண்டு, இரண்டரை லீற்றர் வரச் செய்ய வேண்டும். சீனியும் உடற்பருமனும் உள்ளவர்களுக்கு யூரிக் அமிலக் கல் வருகிற வாய்ப்புக் கூட என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவர்களின் உடம்பில் வாசோபிறெசின் என்கிற ஹோர்மோன் கூடி நிற்கும். சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல என்ற எண்ணம் மருத்துவத்தில் உண்டு. அதனால் தண்ணீரைக் கூட்டினால் வருத்தம் மெல்லமாகுமா என்று கனடாவில் நாட்பட்ட சிறுநீரக நோயாளர் அறுநூறு பேருக்கு மேல் வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. கூடுதலாகக் குடித்தவர்களின் சிறுநீரகம் மற்றவர்களை விடக் குறிப்பிடத்தக்க அளவில் பாதுகாக்கப்படவில்லை. ஆகவே உடம்பு வறளாமல் இருக்கக் குடியுங்கள். தண்ணீரை மருந்தாக எண்ணிக் குடிக்காதீர்கள். மருந்தின் வேலையைச் செய்வது சீனியையும் பிரசரையும் உப்பையும் இறக்குவதுதான்.

சலத்தின் நிறம் காய்ந்த வைக்கோல் போல் வெளிறிய மஞ்சளாக இருந்தால் அளவு சரி என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், ஒரு திருத்தத்தோடு. சீனி கூடிச் சலத்தில் இறங்குகிற நாட்களில் உடம்பு வறண்டு கிடந்தாலும் சலம் தெளிந்த தண்ணீர் போலத்தான் போகும். சீனியைச் சலத்தோடு வெளியேற்றுகிற எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் குளிசை எடுப்பவர்களுக்கும் நிறம் சரியாகச் சொல்லாது. அப்போது நாக்கைப் பாருங்கள். எழும்பி நிற்கும்போது கண் இருட்டுகிறதா என்று பாருங்கள். குளுக்கோமீற்றரில் சீனியைக் குத்திப் பாருங்கள்.

நாளைப் பிரித்துக் குடிக்கிற விதம். எழும்பியதும் ஒரு தம்ளர். சாப்பாடு மூன்றுக்கும் ஒவ்வொன்று. பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் இரண்டு. கடைசிப் பெரிய தம்ளரைப் படுக்க இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னரே முடித்துவிடுங்கள். இரவில் எழும்புகிற தொல்லைக்குப் பகல் தண்ணீரை வெட்டுவது மருந்தல்ல. சீனி கட்டுக்குள் வந்தாலே பலருக்கு நாலு தரம் ஒரு தரமாகும். கால் வீக்கம் உள்ளவர்களுக்குப் பகலில் காலில் தங்கிய நீர் படுத்ததும் மேலேறிச் சலமாகும். பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலை உயர்த்தி வைத்தால் அது முந்திப் போய்விடும். ஆண்களுக்குப் புரொஸ்டேற் சுரப்பி பெருத்ததா என்றும் பார்க்க வேண்டும். சலம் போகிற குளிசை இரவில் எடுப்பவர்கள் காலைக்கு மாற்றலாமா என்று டொக்டரைக் கேளுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் மலசலகூடம் துப்பரவில்லை, கொழும்பு பஸ் நடுவழியில் நிற்காது என்று நாள் முழுக்க, இரவு முழுக்கக் குடிக்காமலே இருக்கப் பழகிவிட்டோம். சீனி உள்ள பெண்ணுக்கு அடக்கிவைத்த சலத்தில் கிருமி பிடித்தால் அது சிறுநீரகம் வரை ஏறும். பஸ் ஏற இரண்டு மணித்தியாலம் முன்வரை வழமை போலக் குடியுங்கள். ஏறமுன் சலம் போங்கள். வழியில் நாவை நனைக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தேத்தண்ணிக்கு நிற்பாட்டும் இடத்தில் கூச்சப்படாமல் இறங்குங்கள்.

தம்ளருக்குள் என்ன?

காலைத் தேத்தண்ணியில் இருந்து தொடங்குவோம். மூன்று கரண்டி சீனி, நாளுக்கு ஆறு தேத்தண்ணி என்றால் பதினெட்டுத் தேக்கரண்டி. குறைத்துக் கணக்குப் பார்த்தாலும் 70 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கது என்று சொல்கிற அளவு நாளுக்கு ஏறத்தாழ 25 கிராம், அதுவும் சீனி வருத்தம் இல்லாதவருக்கு. ஒரே நாளில் நிறுத்த முடியாவிட்டால் கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு இரண்டு மாதத்தில் பழகும். கடித்துக்கொண்டு குடிக்கிற பனங்கட்டியும் சீனிதான். பனையில் வந்தது என்பதற்காக இரத்தம் அதை வேறாகப் பார்ப்பதில்லை. சொல்ல எனக்கே கவலைதான். எங்கள் வீட்டில் பனங்கட்டிக் குட்டான் இல்லாத நாள் இருந்ததில்லை.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் தண்ணீர்ப்பந்தலில் அன்போடு நீட்டுகிற சர்பத், நெல்லிரசம், சக்கரைத் தண்ணி ஒவ்வொன்றும் தாகத்தைத் தீர்த்துவிட்டு ஒரு மணித்தியாலத்தில் சீனியை ஏற்றி மறுபடி தாகத்தைக் கொண்டுவரும். பந்தலில் மோரும் பச்சைத் தண்ணியும் இருக்கும், கேட்டு வாங்குங்கள். மோரில் உப்பு எவ்வளவு என்று நாக்கால் பாருங்கள். பனையில் இறக்குகிற கருப்பநீர் முழுக்கச் சீனி. போத்தல் சோடாக்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, விடுங்கள்.

இளநீர் பற்றித்தான் சண்டை வரும். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு வெயில் நாளில் ஓர் இளநீர் நல்லதே. ஆனால் அதில் பொற்றாசியம் நிறைய இருக்கிறது. ஈ.ஜி.எப்.ஆர் குறைந்தவர்கள், அதோடு எனலாப்பிரில், லொசாட்டன், ஸ்பைரோனோலக்ரோன் போன்ற பிரசர்க் குளிசை எடுப்பவர்கள் இளநீரைத் தினமும் குடித்தால் இரத்தத்தில் பொற்றாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குழப்பும். இரத்தத்தில் பொற்றாசியம் எவ்வளவு என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். சிறுநீரகத்துக்கு நல்லது என்று பிலிம்பிக்காயையோ நட்சத்திரப் பழத்தையோ அடித்துச் சாறாகக் குடிப்பதை அறவே விடுங்கள். அவற்றின் ஒக்சலேற் ஒரே தரத்தில் சிறுநீரகத்தை முடக்கியது எங்கள் நாட்டிலேயே பதிவாகி இருக்கிறது.

உப்பு: எங்கள் வீடுகளின் கதை

தாகத்தை உண்டாக்குவதும், குடித்த தண்ணீரை உடம்பில் கட்டிவைப்பதும், பிரசர் மருந்தைத் தோற்கடிப்பதும் உப்பு. எனக்கு ஒரே ஒரு மாற்றம் செய்ய அனுமதி தந்தால் தண்ணீரைத் தொடமாட்டேன், இதைத்தான் மாற்றுவேன்.

ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தட்டையாக எடுத்த ஒரு தேக்கரண்டி. ஆனால் யாரும் கரண்டியால் அளந்து சமைப்பதில்லை. அதனால் நான் பைக்கற்றால் அளக்கச் சொல்வேன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 20 கிராம். 400 கிராம் பைக்கற் 20 நாள் வர வேண்டும். பைக்கற்றை உடைக்கிற அன்று அதன் மேல் திகதியை எழுதுங்கள். பத்து நாளில் முடிந்தால் இரட்டிப்பாகத் தின்கிறீர்கள். பாணும் கருவாடும் கடைச்சாப்பாடும் வெளியில் இருந்து கொண்டுவருகிற உப்பையும் நினைத்தால், அந்தப் பைக்கற் மாதம் முழுக்க வந்தால்தான் சரி.

எங்கே குறைப்பது? புட்டுக்கு மாக் குழைக்கிற தண்ணியில், இடியப்ப மாவில், சோற்றில் உப்பு வேண்டியதில்லை, கறியில் இருக்கிறதே. சம்பலுக்குத் தேசிக்காயைக் கூடப் பிழிந்தால் உப்புப் பாதி போதும். கூழுக்குப் புளியும் மீனும் ஒடியலும் தருகிற ருசியே காணும். கருவாடு போட்டால் உப்பே போட வேண்டாம். மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே இலையில் வேண்டாம். கருவாட்டை ஊறவைத்து இரண்டு தண்ணி மாற்றிக் கழுவினால் உப்புக் கொஞ்சம் இறங்கும், முழுவதும் போகாது. பேக்கரி றோல்சும் மிக்சரும் பின்னேரப் பழக்கமாகிவிட்டவர்கள் அதற்குப் பதிலாக அவித்த கடலைக்கோ கௌபிக்கோ தேங்காய்ப்பூப் போட்டுத் தின்னலாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொற்றாசியம் இருக்கும். சிறுநீரகம் பழுதானவர்கள் டொக்டரைக் கேளாமல் வாங்க வேண்டாம்.

கிணற்றையும் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்குகிற மழைதான் எங்களில் பலருக்குக் குடிநீர். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் கல்லாகிறது என்று பயப்படுகிறவர்கள் பலர். கல்லுத் தண்ணி குடிப்பதாலேயே சிறுநீரகக் கல் வருகிறது என்று நிறுவப்படவில்லை; தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் உப்புக் கூடுவதும் கல்லுக்குத் தெரிந்த காரணங்களில் முக்கியமானவை. நான் கவலைப்படுவது வேறு இரண்டுக்கு. தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் சவர் ஏறிய கிணறுகளில் தண்ணீரோடு சோடியம் உள்ளே போகிறது. கறிக்கு உப்பைக் குறைத்துவிட்டு உவர்த் தண்ணியில் சோறு சமைத்தால் பயன் குறைவு. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கிற தோட்டங்களின் அருகே பசளையின் நைத்திரேற் கிணற்றுக்குள் இறங்குகிறது. நைத்திரேற் முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பும் நைத்திரேற்றும் போகா, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

ஒரு தரமாவது கிணற்றுத் தண்ணியைச் சோதியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் மாதிரி எடுக்கிற முறையையும் கொடுக்க வேண்டிய இடத்தையும் சொல்வார். சவர் என்று வந்தால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு தண்ணீர் எடுங்கள். குளிக்கக் கிணறு போதும்.

குளிசைப் பெட்டி

வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும் மேசையில் கொட்டுங்கள். டைக்குளோபினாக், ஐபுபுரூபன் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். முழங்கால் வலிக்குப் பாமசியில் கேட்டு வாங்கி மாதக்கணக்காகப் போடுகிற இந்தக் குளிசைகள், பிரசர்க் குளிசையோடும் சலம் போகிற குளிசையோடும் சேர்ந்து, வறண்ட உடம்பில் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தையே நெரித்துவிடும். வலிக்குப் பனடோலை உரிய அளவில் எடுங்கள். நாட்டு மருந்து எடுப்பவர்கள் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். ஈச்சுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் ஒரே பேரினச் செடிகள். அவற்றில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும்.

அடுத்தது, நல்லாய் இருக்கிற நாளிலேயே கேட்டு வைக்க வேண்டியது. வயிற்றோட்டம், சத்தி, கடும் காய்ச்சல் வந்து சாப்பாடும் தண்ணியும் இறங்காத நாட்களில் சில குளிசைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரும்: மெற்போமின், எனலாப்பிரில் அல்லது லொசாட்டன், சலம் போகிற குளிசை, எம்பாகிளிபுளோசின் வகை. ஒழுங்காகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் திரும்பத் தொடங்குவது வழமை. ஆனால் உங்களுக்கு எது, எத்தனை நாள் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். "டொக்டர், வயித்தோட்டம் வந்தா இதில எதை நிப்பாட்டுறது?" என்று அடுத்த கிளினிக்கில் கேட்டுக் கொப்பியின் பின்மட்டையில் எழுதுவியுங்கள். இன்சுலின் போடுபவர்கள் சாப்பிடவில்லை என்பதற்காக ஊசியைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. சீனியை அடிக்கடி பார்த்து ஆஸ்பத்திரியோடு கதையுங்கள். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனி என்கிற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் குடிக்கச் சீனிக்காரர் பயப்படத் தேவையில்லை. பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள், பாதி பாதியாக வேண்டாம்.

மாரி மழைக்குப் பிறகு வருகிற காய்ச்சலில் இன்னும் விழிப்பு வேண்டும். 2024 மார்கழியில் இங்கே பரவிய எலிக்காய்ச்சல் நேராகச் சிறுநீரகத்தில் கைவைக்கிற வருத்தம். வயலுக்குள் இறங்குகிறவர்கள் தடுப்புக் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். டெங்குவா எலிக்காய்ச்சலா என்று தெரியாத காய்ச்சலுக்கு டைக்குளோபினாக் போடவே கூடாது.

விரத நாட்கள்

கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணியோ பாலோ மட்டும் எடுத்து விரதம் இருக்கிற அம்மாமாரை நான் தடுத்ததில்லை. தடுத்தால் சொல்லாமல் இருப்பார்கள், அது இன்னும் ஆபத்து. விரதம் தொடங்க இரண்டு கிழமை முன் கிளினிக்குக்கு வந்து சொல்லுங்கள் என்பேன். மெற்போமின், கிளிக்கிளசைட், இன்சுலின், எம்பாகிளிபுளோசின் எல்லாவற்றுக்கும் அளவோ நேரமோ மாற்ற வேண்டி இருக்கும். எம்பாகிளிபுளோசின் வகையோடு பட்டினி கிடந்தால் சீனி சாதாரணமாக இருக்கும்போதே இரத்தம் அமிலமாகலாம். ஈ.ஜி.எப்.ஆர் குறைந்தவர்களும் இன்சுலின் போடுபவர்களும் ஒரு நேரச் சாப்பாட்டோடு, தண்ணீரை விடாமல் விரதம் இருங்கள். தண்ணீர் கூட இல்லாத உபவாசம் உங்களுக்கு வேண்டாம். கோயில் ஐயரிடம் கேட்டாலும் வருத்தக்காரருக்கு விலக்கு உண்டு என்றுதான் சொல்வார்.

உடனே போக வேண்டிய நேரம்

பன்னிரண்டு மணித்தியாலம் சலமே போகவில்லை. குடித்ததெல்லாம் சத்தியாகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. முகமும் காலும் திடீரென்று வீங்குகின்றன. சலம் தேத்தண்ணி நிறத்தில் அல்லது இரத்தமாகப் போகிறது. ஆள் தடுமாறிக் கதைக்கிறார். இவற்றில் ஒன்று நடந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். போகும்போது கிளினிக் கொப்பியையும் மேசையில் கொட்டிய அந்தக் குளிசைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.